கைக்கு எட்டாத கருவிகளுக்கு நிரல் அனுப்புவது

புதிய வெளியீடு ஒன்றை ஏற்றிய மறுநாள் காலையில் எனக்கு வந்த வழு அறிக்கை மூன்றே வரிதான். புதுப்பித்த பிறகு விளக்கு சுவிட்சுக்கு எரிகிறது, ஆனால் கருவி வலையில் தென்படவில்லை, கருவி இருப்பதோ பொய்க்கூரைக்கு மேலே, கூரையைப் பிரிக்காமல் அதை மீட்க வழியுண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். வழியில்லை என்பதுதான் பதில். அதை நாகரிகமாக எழுதி முடிக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. மாலைக்குள் அதே மாதிரியான அறிக்கைகள் மேலும் சில வந்துவிட்டன. எல்லோரும் செய்தது ஒன்றே: நெடுநாள் புதுப்பிக்காமல் விட்டிருந்த கருவியை, நான் சொன்னதை நம்பி, ஒரே தாவலில் புதிய பதிப்புக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

வைஃபையோடு பேசும் சிறு மைக்ரோகன்ட்ரோலர்களுக்கான (ஒற்றைச் சில்லுக் கணினிகளுக்கான) திறமூல நிலைபொருள் (கருவிக்குள்ளேயே ஓடும் நிரல்) ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். 2014இல் இஎஸ்பி8266 என்ற சில்லு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்தத் துறை பொழுதுபோக்காளர்களின் கைக்கு வந்தது. 2016இல் இஎஸ்பி32 வந்தபோது விளக்கு, மின்செருகி, வெப்பமானி, நீர் வால்வு என்று எங்கும் இவை உட்கார்ந்துவிட்டன. கணினியில் ஓடும் நிரல் கெட்டால் அதைப் பார்க்க ஒரு திரையும் தட்ட ஒரு விசைப்பலகையும் இருக்கும். இங்கே திரை கிடையாது, விசை கிடையாது, பல சமயம் கருவியைத் தொடவே வழி கிடையாது. ஒருமுறை பொருத்தி மூடிவிட்டால் அந்தக் கருவிக்கும் எனக்கும் இடையே இருப்பது நான் எழுதிய புதுப்பிப்பு நிரல் மட்டுமே. அதை நானே கெடுத்துவிட்டால் ஏணி போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். ஏணியில் ஏறுவது நானல்ல என்பதுதான் சங்கடம்.

கூரைக்கு மேலே இருந்த கருவிக்கு என்ன ஆயிற்று என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறைப் புதிதாக வருபவர்கள் அனைவரும் ஒருமுறையாவது செய்கிறார்கள். வைஃபை பெயர், கடவுச்சொல், சில்லின் கால் (பின்) எண்கள், விளக்கின் பிரகாசம் முதலிய அமைப்புகளையெல்லாம் ஒரே கட்டமைப்பாக வைத்து, அதை அப்படியே, மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி, மறுதொடக்கத்தின்போது அப்படியே திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு புதிய வசதிக்காக அந்தக் கட்டமைப்பின் நடுவில் ஒரு பைட் சேர்த்தேன். நடுவில் சேர்த்ததற்கு ஒரே காரணம், தொடர்புள்ள புலங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் படிக்க அழகாக இருக்கும் என்பது. பழைய கட்டமைப்பில் எழுதியதைப் புதிய கட்டமைப்பாகப் படித்தபோது அந்த இடத்துக்குப் பின்னால் இருந்ததெல்லாம் ஒரு பைட் நகர்ந்துவிட்டது. கடவுச்சொல்லின் முதல் எழுத்து காணாமல் போனது. வைஃபை கிடைக்காவிட்டால் கருவி தன் சொந்த வைஃபையைத் திறந்து காத்திருக்க வேண்டும். ஆனால் அப்படித் திறக்கலாமா கூடாதா என்ற குறியும் அதே கட்டமைப்பில்தான் இருந்தது, அதுவும் நகர்ந்து 'கூடாது' என்று ஆகிவிட்டது. என் மேசையில் இருந்த கருவிகளோ ஒவ்வொரு இடைநிலைப் பதிப்பையும் தாண்டி வந்தவை. வளர்ச்சிப் பதிப்பிலேயே அவற்றின் அமைப்புகளைப் பலமுறை அழித்து எழுதியிருந்தேன். ஆகவே எனக்கு எதுவும் தெரியவில்லை.

அன்றிலிருந்து என் அமைப்புக் கட்டமைப்பில் புதிய புலம் எப்போதும் கடைசியில்தான் சேரும். கட்டமைப்புக்குத் தனிப் பதிப்பெண் உண்டு. ஒவ்வொரு பதிப்பிலிருந்தும் அடுத்த பதிப்புக்குக் கொண்டுபோகும் சிறு செயற்கூறுகள் வரிசையாக இருக்கும். அவற்றில் எதையும் பழையது என்று சொல்லி நீக்குவதில்லை. நீக்கிவிடலாம் என்று யாராவது ஆண்டுக்கு ஒருமுறை புல் ரிக்வெஸ்ட் (நிரல் மாற்றத்துக்கான கோரிக்கை) அனுப்புவார்கள், நானும் நன்றி சொல்லி மூடிவிடுவேன். வைஃபை கிடைக்காதபோது மீட்பு வழியைத் திறப்பதா என்ற முடிவு எந்த அமைப்பையும் நம்பியிருக்கக் கூடாது என்பதையும் அன்றே விதியாக்கிக்கொண்டேன்.

எழுதும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு பைட்டை மாற்ற வேண்டுமென்றாலும் 4096 பைட் கொண்ட செக்டர் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். அழித்த பிறகு, எழுதுவதற்கு முன், மின்சாரம் போனால் அமைப்புகள் முழுவதும் போய்விடும். எனவே இரண்டு செக்டர்களில் மாறிமாறி எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண்ணும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் வைத்து, இரண்டில் செல்லுபடியாகும் புதியதைப் படிக்க வேண்டும். இன்னொன்று தேய்மானம். ஒரு செக்டரை ஏறத்தாழ 1,00,000 முறை அழிக்கலாம் என்றுதான் இத்தகைய ஃபிளாஷ் சில்லுகளின் தரவுத்தாள்கள் சொல்கின்றன. கேட்க இது பெரிய எண்தான். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே செக்டரில் எழுதினால் 70 நாளில் தீர்ந்துவிடும். நொடிக்கு ஒருமுறை என்றால் 28 மணி நேரம்கூடத் தாங்காது. பிரகாசத்தை மாற்றும் நகர்த்தியை விரலால் இழுக்கும்போது ஒவ்வொரு படிக்கும் நான் சேமித்துக்கொண்டிருந்தேன் என்பதை, பல மாதங்களுக்குப் பிறகு, ஒரு பயனர் சீரியல் (கருவியைக் கணினியோடு இணைக்கும் கம்பி) வழியே வந்த பதிவை அனுப்பியபோதுதான் கவனித்தேன். இப்போது கடைசி மாற்றத்துக்குப் பின் சில நொடிகள் அமைதியாக இருந்தால்தான் சேமிப்பு நடக்கும்.

சேமிப்பைப் பற்றிப் பேசும்போது, என்னை மூன்று வாரம் அலைக்கழித்த வழு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பொத்தானை அழுத்தினால் எப்போதாவது கருவி மறுதொடக்கம் ஆகிறது என்றார்கள். நூறு முறை அழுத்தினாலும் என்னிடம் ஆகவில்லை. உண்மையில் ஃபிளாஷில் எழுதிக்கொண்டிருக்கும் அந்தச் சில மில்லிநொடிகளில் ஃபிளாஷிலிருந்து நிரலைப் படிக்க முடியாது. பொத்தானின் இன்டரப்ட் செயற்கூறு (அழுத்தியதும் மற்றதை நிறுத்திவிட்டு ஓடும் நிரல்) ஃபிளாஷில் இருந்தது. சேமிப்பு நடக்கும் கணத்தில் விரல் பொத்தானில் பட்டால் சில்லு இல்லாத இடத்திலிருந்து கட்டளையைத் தேடிப்போய் விழுந்துவிடும். தீர்வு ஒற்றைச் சொல்தான்: அந்தச் செயற்கூறு உள் ராமில் இருக்க வேண்டும் என்ற குறிப்பு. பின்னாளில் வந்த ஆர்டுயினோ என்ற நிரல் அடித்தளமே இதைத் தொடக்கத்தில் சோதித்து மறுத்துவிடுகிறது. நான் மாட்டிய காலத்தில் அந்தக் காவல் இல்லை.

வான்வழிப் புதுப்பிப்புக்கு, அதாவது கம்பியின்றி வைஃபை வழியே புதுப்பிப்பதற்கு, வருவோம். இஎஸ்பி8266 கருவிகள் பலவற்றில் ஃபிளாஷ் மொத்தமே 1 எம்பி. புதிய படிமம் (ஏற்றுவதற்குத் தயாரான நிரல் கோப்பு), ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு மேலே உள்ள காலி இடத்தில் முதலில் இறங்கி, மறுதொடக்கத்தின்போது முதலில் ஓடும் சிறு தொடக்க நிரலான பூட்லோடர் அதைக் கீழே நகலெடுக்கும். அதாவது பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க இடம் வேண்டும். படிமம் பாதிக்கு மேல் வளர்ந்தால் நேரடியாகப் புதுப்பிக்க இயலாது. அதற்காகப் புதுப்பிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு சிறிய படிமத்தை முதலில் ஏற்றி, அதன் வழியாக முழுப் படிமத்தை ஏற்றும் இரண்டு படி முறையைப் பலரும் பின்பற்றுகிறோம். இது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் முதல் படியோடு நிறுத்திவிட்டு 'என் கருவியில் எந்த வசதியும் இல்லை' என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது அந்தச் சிறு படிமத்தின் பக்கத்தில் ஒரே ஒரு பெரிய பொத்தானும் 'இன்னும் முடியவில்லை' என்ற ஒரு வரியும் மட்டுமே இருக்கின்றன. ஆவணத்தில் பத்துப் பத்தி எழுதியபோது குறையாத கேள்வி இந்த ஒரு வரியால் குறைந்தது.

இஎஸ்பி32இல் நிலைமை வசதியானது. நிரலுக்கு இரண்டு அறைகள். புதியது ஓடாத அறையில் இறங்கும். முதல் ஓட்டத்தில் அது 'இன்னும் சரிபார்க்கவில்லை' என்ற நிலையில் இருக்கும். நான் நலம் என்று நிரலே ஒப்புதல் கொடுப்பதற்கு முன் மறுதொடக்கம் நேர்ந்தால், அந்த வசதியை இயக்கியிருக்கும் பட்சத்தில், பூட்லோடர் பழைய அறைக்கே திரும்பிவிடும். இதில் யோசிக்க வேண்டியது எப்போது ஒப்புதல் கொடுப்பது என்பதைத்தான். முதலில் நான் தொடக்கச் செயற்கூறின் கடைசி வரியில் கொடுத்தேன். அது வீண், ஏனென்றால் தொடக்கம் முடிந்து வைஃபையில் சேராத நிரலும் அந்த வரியைத் தாண்டிவிடும். கருவி வலையில் சேர்ந்து, அடுத்த புதுப்பிப்பைப் பெறும் நிலையில் இருக்கிறது என்று உறுதியான பிறகே ஒப்புதல் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு விலையும் உண்டு: அந்த இடைவெளியில் மின்சாரம் போய்வந்தால் நல்ல நிரலும் பின்வாங்கிவிடும், 'புதுப்பித்தேன், பழையதே இருக்கிறது' என்று ஒருவர் எழுதுவார். அந்தப் புகாருக்கு மறுபடி புதுப்பியுங்கள் என்று பதில் சொல்லலாம். கூரையைப் பிரியுங்கள் என்று சொல்வதைவிட எவ்வளவோ மேல்.

இஎஸ்பி8266ஐ முதன்முறை சீரியல் கம்பி வழியே ஏற்றும்போது வரும் ஒரு விநோதத்தைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. ஜிபிஐஓ 0 என்ற காலைத் தரையோடு இணைத்து மின்சாரம் கொடுத்தால் சில்லு ஏற்றும் முறைக்குப் போகும். ஏற்றி முடித்து, கம்பியையும் எடுத்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்தாமலேயே வான்வழிப் புதுப்பிப்பைத் தொடங்கினால், மென்பொருள் மறுதொடக்கத்துக்குப் பின் சில்லு பழைய நினைவில் ஏற்றும் முறையிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தால் தீர்ந்தது. தொடக்கச் செய்தி திரையில் குப்பையாகத் தெரிந்தால் சீரியல் வேகத்தை 74880 என்று வைத்துப் பார்க்க வேண்டும். பூட் ரோம் 40 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருப்பதாக எண்ணி 115200 வேகத்தைக் கணக்கிடுகிறது, பலகையில் இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ் படிகம், அதனால் வந்த வினோத எண் அது.

அதே சீரியல் கம்பியைப் பற்றிய எச்சரிக்கைதான் என் ஆவணத்தின் முதல் வரி, அதை எவ்வளவு கறாராக எழுதினாலும் போதவில்லை என்றே தோன்றுகிறது. மின்செருகிகளிலும் சுவர் சுவிட்சுகளிலும் உள்ள மின்வழங்கிகள் பல, மெயின்ஸ் மின்சாரத்திலிருந்து தனிமைப்படுத்தப்படாதவை. பலகையில் 'தரை' என்று அச்சிட்டிருக்கும் கால் உண்மையில் மெயின்ஸ் அழுத்தத்தில் நிற்கலாம். கருவி சுவர் மின்சாரத்தில் இருக்கும்போது கணினியின் கம்பியை அதில் இணைத்தால் கணினி போகும். கைபட்டால் ஆளே போகலாம். சீரியல் வழியே ஏற்றும்போது சுவர் மின்சாரம் அறவே கூடாது, 3.3 வோல்ட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். 'நான் கவனமாகச் செய்வேன், விதிவிலக்கு உண்டா' என்று கேட்பவர்களுக்கு நான் எழுதும் பதிலில் மட்டும் மரியாதை கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

நினைவகம் எப்போதும் பற்றாக்குறைதான். இஎஸ்பி8266இல் வைஃபை அடுக்கும் மற்றவையும் எடுத்துக்கொண்டது போக, நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் இடமான ஹீப்புக்கு 40 கேபி அளவில் கிடைத்தால் நிறைவு. மீதி எவ்வளவு என்பதைவிட, அந்த மீதி ஒரே துண்டாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது. வலைப்பக்கத்தைச் சரங்களாக ஒட்டி ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்தேன். நாள்கணக்கில் ஓடிய கருவியில் 18 கேபி காலியாக இருந்தும், 4 கேபி கேட்ட இடத்தில் கிடைக்காமல் விழுந்தது. அன்று முதல் கருவியின் நிலைப் பக்கத்தில் மொத்தக் காலி இடத்தின் பக்கத்தில் மிகப் பெரிய ஒற்றைத் துண்டின் அளவையும் காட்டுகிறேன். வழு அறிக்கைகளில் பாதி அந்த ஒரு எண்ணைப் பார்த்ததுமே விளங்கிவிடுகின்றன.

காலம் தொடர்பான வழுக்கள் தனி இனம், ஏனெனில் அவை மேசையில் தெரியாது. தொடக்கத்திலிருந்து மில்லிநொடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். 'தொடங்கிய நேரத்தோடு இடைவெளியைக் கூட்டி, இப்போதைய நேரம் அதைத் தாண்டிவிட்டதா' என்று எழுதினால் அந்த நாளில் கணக்கு உடையும்; 'இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து, அது இடைவெளியைவிடப் பெரிதா' என்று எழுதினால் குறியற்ற எண்களின் கழித்தல் தானாகவே சரியாக வரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும், ஆனாலும் என் நிரலில் இரண்டு இடங்களிலும் நான் பயன்படுத்திய ஒரு லைப்ரரியில் ஓரிடத்திலும் தவறான வடிவமே இருந்தது. ஏழு வாரம் காத்திருந்து சோதிக்க யாராலும் முடியாது. நேரத்தைத் தரும் செயற்கூறை என் சொந்த உறைக்குள் வைத்து, சோதனைப் படிமத்தில் அது நிரம்புவதற்கு ஒரு நிமிடம் முன்னாலிருந்தே எண்ணத் தொடங்கும்படி செய்தேன். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் அந்தப் படிமத்தை ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிக வழுக்களைப் பிடித்துத் தந்த சோதனை அதுதான்.

சான்றிதழ்களுக்கும் காலம் உண்டு. சேவையகங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் நெடுங்காலம் சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. நிரலுக்குள் அந்த ஒரு மூலத்தை மட்டும் பதித்து வைத்திருந்த சிறு கருவிகளுக்கு மறுநாள் புதுப்பிப்புச் சேவையகமே அந்நியமாகிவிட்டது. புதிய மூலத்தைக் கொண்டுவரும் புதுப்பிப்பைப் பெறுவதற்கே பழைய மூலம் செல்ல வேண்டிய நிலை. அந்தத் தேதி முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் அதைக் கவனித்தது ஆகஸ்டில். அவசரமாக ஒரு வெளியீட்டை அனுப்பினேன், ஆனால் ஒரு மாதத்துக்குள் எல்லோரும் புதுப்பிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். இப்போது பதித்த மூலங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றின் காலாவதித் தேதியும் படிமத்தை உருவாக்கும்போது ஓடும் சோதனையில் பதிந்திருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் காலாவதியாகும் மூலம் இருந்தால் படிமமே உருவாகாது. படிமத்தைத் தனியாகக் கையொப்பமிட்டு, அந்தக் கையொப்பத்தைக் கருவி சரிபார்க்கும்படியும் செய்துவிட்டேன். ஆகவே ஒருவர் தன் உள்வலையிலிருந்து சாதாரண வழியில் படிமத்தைக் கொடுத்தாலும் கருவி நம்பி ஏற்க முடியும்.

நேரத்தைக் கேட்கும் சேவையகத்தின் முகவரியை நிரலில் பதிப்பதும் விளையாட்டல்ல. 2003இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் நேரச் சேவையகத்தை ஒரு நிறுவனத்தின் வீட்டு ரௌட்டர்கள் தாக்குவதுபோல மொய்த்தன. அந்த முகவரியை நிலைபொருளில் பதித்திருந்ததும், பதில் வராவிட்டால் நொடிக்கு ஒருமுறை திரும்பக் கேட்டதும்தான் காரணம். என் நிரலிலும் 'பதில் வராவிட்டால் மறுபடி கேள்' என்ற வரி ஒரு காலத்தில் இடைவெளியின்றித்தான் இருந்தது. தோல்விக்குத் தோல்வி இடைவெளியை இரட்டிப்பாக்குவதும், அதில் ஒரு சிறு தற்செயல் எண்ணைக் கூட்டுவதும் எல்லா வலைக் கோரிக்கைகளுக்கும் வேண்டும். ஒரே கட்டடத்தில் முப்பது கருவிகள் மின்தடைக்குப் பின் ஒரே நொடியில் எழுந்து ஒரே ரௌட்டரைத் தட்டினால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவர்கள் அந்தத் தற்செயல் எண்ணின் அருமையை அறிவார்கள்.

மின்தடையைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கருவி இரண்டு நொடியில் எழுந்துவிடும், ரௌட்டர் எழ இரண்டு நிமிடம் ஆகும். அரை நிமிடம் தேடிவிட்டு வைஃபை இல்லை என்று முடிவுகட்டித் தன் சொந்த வைஃபையைத் திறந்துகொண்டு அங்கேயே நின்றுவிடும் கருவி, ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் யாராவது வந்து எழுப்பும்வரை வலைக்குத் திரும்பாது. மீட்பு முறையில் இருக்கும்போதும் பழைய வைஃபையைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எளிய திருத்தமாகத் தெரிந்தது. செய்து பார்த்தால், இந்தச் சில்லுகளில் ரேடியோ ஒன்றே ஒன்றுதான் இருப்பதால், தேடும் ஒவ்வொரு முறையும் திறந்திருக்கும் வைஃபை தடம் மாறி, அதில் இணைந்து கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவர் வெளியே தள்ளப்பட்டார். இறுதியில், மீட்பு வைஃபையில் யாரும் இணைந்திராதபோது மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தேடுவது என்று முடிந்தது. மின்சாரத்தை மூன்று முறை விரைவாக நிறுத்திக் கொடுத்தால் அமைப்புகள் அழியும் என்று நான் வைத்திருந்த வசதியும் இதே வகையில் என்னைக் கடித்தது: மின்சாரம் மூன்று முறை துடித்துவிட்டு வந்த ஓரிரவில் ஒரு வீட்டின் எல்லாக் கருவிகளும் தொழிற்சாலை நிலைக்குப் போயின. இப்போது அந்த எண்ணிக்கை பெரியது, ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே குறைந்தபட்ச நேரமும் உண்டு.

கருவிகள் செய்தி பரிமாறும் நெறிமுறையான எம்க்யூடிடியில் எனக்கு நேர்ந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பயனரின் கருவி வலையில் சேர்ந்த மறுநொடி மறுதொடக்கம் ஆகிறது, மறுபடி சேர்கிறது, மறுபடி விழுகிறது என்று ஒரு சுழற்சி. விழுந்த காரணம் 'மென்பொருள் மறுதொடக்கம்' என்று பதிவில் இருந்தது; அதாவது நிரல் தானே கேட்டு வாங்கிய மறுதொடக்கம். அவர் மறுதொடக்கக் கட்டளையைத் தக்கவைக்கும் குறியோடு அனுப்பியிருந்தார். புரோக்கர் (செய்திகளை இடைநின்று கடத்தும் சேவையகம்) அதைப் பத்திரமாக வைத்திருந்து, கருவி சந்தா சேர்ந்த ஒவ்வொரு முறையும் விசுவாசமாகத் திருப்பிக் கொடுத்தது. தக்கவைத்த செய்தியாக வரும் கட்டளைகளில் நிலையைச் சொல்பவற்றை ஏற்று, செயலைச் சொல்பவற்றைப் புறக்கணிப்பது என்று அன்று பிரித்தேன். 'விளக்கு எரியட்டும்' என்பது நிலை. 'மறுதொடங்கு' என்பது செயல்.

வழு அறிக்கையைப் பெறும் முறையைப் பற்றி இரண்டு வார்த்தை. விழுந்த கருவி, எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று காட்டும் அடுக்கின் (ஸ்டாக்) முகவரிகளைக் கொட்டும். 'எக்ஸெப்ஷன் 28' என்று இருந்தால் படிக்கக் கூடாத முகவரியைப் படித்திருக்கிறது என்று தெரியும், பெரும்பாலும் சுழியச் சுட்டிதான். எந்த வரியில் என்பதை அறிய அதே படிமத்தோடு உருவான, முகவரியை நிரல் வரியோடு பொருத்தும் எல்ஃப் கோப்பு வேண்டும். மூல நிரலிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், கம்பைலர் சற்று மாறியிருந்தாலும் முகவரிகள் பொருந்தாது. முதல் இரண்டு ஆண்டு வெளியீடுகளின் எல்ஃப் கோப்புகளை நான் வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கால அறிக்கைகள் சில இன்றும் தீராமல் திறந்தே கிடக்கின்றன. லைப்ரரிகளின் பதிப்பெண்களைத் துல்லியமாகப் பூட்டி வைக்காததும் அதே காலத்துச் சோம்பல்: ஒரு வரியும் மாற்றாமல் மறுபடி உருவாக்கிய படிமம் வேறு விதமாக நடந்துகொண்டபோது, மாறியது என் நிரலல்ல, இரவோடிரவாக வந்த லைப்ரரியின் புதிய பதிப்பு என்று கண்டுபிடிக்க ஒரு வார இறுதி முழுவதும் போயிற்று.

பாதுகாப்பில் நான் சமரசம் செய்துகொள்ளாத ஒரே விஷயம் பொதுக் கடவுச்சொல். 2016இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரௌட்டர்களையும் கூட்டங்கூட்டமாகக் கைப்பற்றியது மேதைத்தனத்தால் அல்ல. 60க்கும் மேற்பட்ட தொழிற்சாலைப் பெயர்-கடவுச்சொல் இணைகளை வரிசையாக முயன்று பார்த்தது, அவ்வளவுதான். என் நிலைபொருளில் கடவுச்சொல் வைக்காமல் முதல் அமைப்பைத் தாண்ட முடியாது. சலிப்பாக இருக்கிறது என்று வருபவர்களின் கோபத்தை வாங்கிக்கொள்கிறேன். என் நிலைபொருளைத் தன் பெயரிட்டு, மூல நிரலைத் தராமல், இந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டு விற்ற ஒரு விற்பனையாளரும் இருந்தார். உரிமத்தை நினைவூட்டிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை, ஆனால் அவருடைய வாடிக்கையாளர்களின் கேள்விகள் மட்டும் தவறாமல் எனக்கு வந்தன.

ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதுவே. புதிய சென்சர் ஒன்றுக்கான ஆதரவை எழுதி அனுப்புபவர் ஒரு வாரத்தில் போய்விடுவார். அந்தச் சென்சர் என்னோடு பத்தாண்டு இருக்கும், அதுவும் என்னிடம் அது இல்லாமலேயே. ஆகவே இப்போது புதிய சாதன ஆதரவை ஏற்கும் முன், அதைச் சொந்தமாக வைத்திருந்து ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் சோதிக்க ஒருவர் பெயர் கொடுக்கிறாரா என்று கேட்கிறேன். பெயர் இல்லாவிட்டால் அது தனிக் கிளையில் இருக்கும். களைத்துப்போன காலங்களில், யாராவது பொறுப்பை எடுத்துக்கொண்டால் போதும் என்று தோன்றியதுண்டு. 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்க நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அது பல ஆண்டுகள் பொறுமையாக உதவிசெய்து பராமரிப்பு உரிமையைப் பெற்ற ஒருவர் வழியாக வந்தது என்று படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் நிலைபொருளில் கையொப்பச் சாவியின் தனிப்பகுதி இப்போது வலையில் இணையாத ஒரு கணினியில் இருக்கிறது. வெளியீட்டுக்கு இருவர் ஒப்புதல் வேண்டும். இரண்டாமவரிடம் சாவியின் நகல் உண்டு, நான் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு பக்கக் குறிப்பும் உண்டு.

சோதனை அடுக்கு ஒன்றை மேசைக்குப் பக்கத்தில் பலகையில் அறைந்து வைத்திருக்கிறேன். எட்டுக் கருவிகள், ஒவ்வொன்றின் மின்சாரத்தையும் துண்டிக்க ஒரு ரிலே. வெளியீட்டுக்கு முந்தைய இரவு, ஒரு ஸ்கிரிப்ட் புதுப்பிப்பைத் தொடங்கிவிட்டு, தற்செயலான ஒரு கணத்தில் ரிலேயைத் துண்டித்து, மறுபடி கொடுத்து, கருவி வலைக்குத் திரும்பியதா என்று எண்ணும். அதில் ஏழு கருவிகளை வெளியீட்டுக்கு வெளியீடு மாற்றிக்கொண்டே இருக்கிறேன். எட்டாவதில், கூரைக்காரரின் கருவியில் இருந்த அதே பழைய பதிப்பும் அவர் அனுப்பிவைத்த அமைப்புக் கோப்பும் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அது அங்கிருந்து நேராகப் புதிய பதிப்புக்குத் தாவி, மறுநாள் காலையில் நான் பார்த்த பிறகு, மறுபடி பழைய பதிப்புக்கே எழுதப்படுகிறது. பதிவில் அந்தக் கருவியின் வரி வராத காலைகளில் வெளியீடு கிடையாது.